அதே டிப்பர், வேறு கியர்: வன்னி வீதியில் 1.6 ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டும் 1.4 டர்போவும்

குதிரைவலுவை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2011 கடைசியில் ஜப்பானில் வெளிவந்த சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், அதாவது நம்மவர்கள் 32எஸ் என்று சொல்வது, 1.6 லீற்றர் எஞ்சினில் 136 குதிரைவலு தருகிறது. 2017இல் வந்த 33எஸ், 1.4 டர்போவில் 140. நாலு குதிரைவலுவுக்காக யாரும் கார் மாற்ற மாட்டார்கள். ஆனால் ஓமந்தை தாண்டி ஏ-9இல் மணல் ஏற்றிய டிப்பருக்குப் பின்னால் 45இல் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, எதிரே ஒரு இடைவெளி திறந்தால், இந்த இரண்டு கார்களும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. ஏன் என்று விளங்கிக்கொண்டால்தான் எதை வாங்குவது, எந்த இடத்தில் கியர் மாற்றுவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் வரும்.

உச்ச வலு எத்தனை என்பதை விட அது எந்தச் சுற்றில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை தடவை சுழலும்போது, வருகிறது என்பதுதான் இங்கே முக்கியம். 1.6இன் 136 குதிரைவலு 6900 சுற்றில் வருகிறது. அதன் உச்ச டோர்க், அதாவது முறுக்கு விசை, 160 நியூட்டன் மீற்றர், அதுவும் 4400இல்தான். டர்போவோ 230 நியூட்டன் மீற்றரை 2500இலேயே தந்து 3500 வரை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. 5500இல் 140 குதிரைவலு, அதோடு அதன் கதை முடிந்தது. போதாததற்கு மனுவல் கியர் 33எஸ் 970 கிலோதான், 32எஸ் 1050.

டோர்க்கை எஞ்சின் சுற்றால் பெருக்கி 9549ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். டர்போ 2500இல் தருவது 60 கிலோவாட், அதாவது 82 குதிரைவலு. இதே வலுவை 1.6 எந்தச் சுற்றில் தரும்? அதன் உச்ச டோர்க்கான 160 எல்லாச் சுற்றிலும் கிடைக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 3600 சுற்றுக்குக் கீழே முடியாது. உண்மையில் அதற்கும் கொஞ்சம் மேலேதான். டர்போ 2500இல் சாதாரணமாகச் செய்வதை 1.6 செய்ய வேண்டுமென்றால் குறைந்தது ஆயிரம் சுற்றாவது கூட வேண்டும். அந்த ஆயிரம் சுற்றைத் தருவது உங்கள் இடது கை.

இனி வீதிக்கு வருவோம். வவுனியாவிலிருந்து பரந்தன் வரை ஏ-9 நல்ல கார்ப்பெட் வீதி, பெரும்பகுதி நேர்கோடு. ஆனால் போக ஒரு தடம், வர ஒரு தடம், அவ்வளவுதான். ஊர்மனைக்கு வெளியே காருக்கு 70 கி.மீ. எல்லை. ஆக இங்கே யாருக்கும் நூறைத் தாண்டும் வேகம் தேவையில்லை. தேவைப்படுவது 45இலிருந்து 70க்குச் சுருக்காகப் போய்ச் சேரும் வலு. முன்னால் ஓடுவது டிப்பர், கன்ரர், பட்டா, நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம். எதிரே வருவது யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ். நீங்களும் 70இல், எதிரே வருபவரும் 70இல் என்றால் ஒவ்வொரு செக்கனுக்கும் 39 மீற்றர் இடைவெளி இல்லாமல் போகிறது. எதிர்த் தடத்தில் நிற்கும் நேரத்தில் இரண்டு செக்கன் குறைந்தால் கிட்டத்தட்ட 80 மீற்றர் மிச்சம். நடுத்தரச் சுற்றில் கிடைக்கும் டோர்க்குக்கு வன்னியில் இருக்கும் பெறுமதி இதுதான்.

இதே முந்தலை இரண்டு கார்களிலும் எப்படிச் செய்வது என்று பார்ப்போம். டிப்பரின் பின்பலகை முன்கண்ணாடியை நிரப்பி நிற்கிறது, படங்கின் ஓரத்தால் மணல் கசிந்து பொனெட்டில் தெறிக்கிறது. முதலில் இரண்டு மூன்று வாகன நீளம் பின்வாங்குங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் எதிர்ப்பக்கமும் தெரியாது, வேகம் பிடிக்க இடமும் இராது. இடைவெளி வருவது தெரிந்ததும், வெளியே எடுக்க முன்னரே, கியரைக் குறைத்து வைக்க வேண்டும். டர்போவில் மூன்றாவது போதும். 45இல் மூன்றாவதில் முள் 2500ஐ ஒட்டி நிற்கும், 70ஐத் தொடும்வரை டோர்க் நிறைந்த இடத்திலேயே ஓடும். நடுவில் கியர் மாற்றும் வேலையே இல்லை.

1.6இல் அதே மூன்றாவதைப் போட்டு மிதித்தால் ஏமாற்றம்தான். காரில் பிழை இல்லை, கியர்தான் பிழை. அதற்கு இரண்டாவது வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் காரை இரண்டாவதுக்கு இறக்கப் பலருக்குக் கை வராது, எஞ்சின் கத்தும் என்று பயம். 45இல் இரண்டாவதில் முள் மூவாயிரத்துக்குச் சற்று மேலேதான் நிற்கும். 70இல்கூட சிவப்புக் கோட்டுக்கு வெகு கீழே. அந்த எஞ்சின் ஏழாயிரம் வரை சுற்றுவதற்காகவே செய்யப்பட்டது. ஒரு சின்ன பிளிப் (அக்சிலரேட்டரில் ஒரு தட்டு), கிளச்சை மெதுவாக விட்டால் இரண்டாவது அழகாக விழும். அப்படி ஓட்டினால் டிப்பரைக் கடக்கும் நேரத்தில் இரண்டு கார்களுக்கும் இடையில் பெரிதாக வித்தியாசம் தெரியாது. மூன்றாவதில் நின்று ஓட்டினால் 1.6இன் கையில் இருக்கும் வலு இரண்டாவதில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். ஐந்தாவதில் இருந்தபடியே மிதிப்பவர்களையும் பார்க்கிறேன், அது முந்தலே இல்லை, வேண்டுதல்.

எனக்குக் கவலை தருவது இந்தப் பழக்கம்தான். வன்னியில் பெரும்பாலோர் கார் பழகியது வானிலும் ஓல்டோவிலும். அதற்கு மேல் 2022இல் பெற்றோல் கியூஆர் முறையில் பங்கிடப்பட்டு, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று வந்தபோது எல்லோரும் இரண்டாயிரத்திலேயே கியரைக் கூட்டப் பழகினோம். அந்த நேரத்துக்கு அது சரி. ஆனால் அந்தக் கால்பழக்கத்தை அப்படியே 1.6 ஸ்போர்ட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, "இந்தக் கார் இழுக்காது" என்று விற்கப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: விற்க முதல் ஒருநாள் 4400ஐத் தாண்டும் வரை பொறுத்து ஓட்டிப் பாருங்கள்.

சாதாரண ஓட்டத்துக்கு என் கணக்கு இதுதான். 1.6இல் அவசரமில்லாதபோது 2500க்கும் 3000க்கும் இடையில் கூட்டலாம். வேகம் வேண்டும்போது ஐயாயிரத்துக்குக் கீழே கூட்டக் கூடாது, கூட்டினால் அடுத்த கியரில் டோர்க் இல்லாத இடத்தில் போய் விழும். உச்ச வலு 6900இல் என்பதால் முழு மிதியில் ஏழாயிரம் வரை பிடித்து வைப்பதிலும் பயன் உண்டு. டர்போவில் எதிர்மாறு. சும்மா ஓடும்போது 2200, 2500இல் கூட்டினாலே போதும். முழு மிதியில்கூட 5500ஐத் தாண்டிப் பிடித்து வைத்திருப்பதில் சத்தம்தான் மிச்சம். 2500இல் 230 ஆக இருந்த டோர்க் 5500இல் 179க்கு இறங்கிவிடுகிறது. 1.6 அந்த 6900இலும் 138ஐக் கையில் வைத்திருக்கிறது, உச்சத்திலிருந்து 22தான் குறைவு. மேல் சுற்றில் அந்த எஞ்சின் தரும் சந்தோசம் டர்போவில் இல்லை. இதை டர்போக்காரர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள், ஆனால் உண்மை.

டர்போவில் செய்யவே கூடாத ஒன்று உண்டு. 1500 சுற்றில், ஐந்தாவதிலோ ஆறாவதிலோ, காலை அடிவரை மிதிப்பது. நேரடியாக சிலிண்டருக்குள் பெற்றோல் பீச்சும் சிறிய டர்போ எஞ்சின்களில், குறைந்த சுற்றில் கூடிய சுமை விழும்போது தீப்பொறி வரமுன்னரே கலவை பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. கடுமையாக நடந்தால் பிஸ்டன் உடையவும் கூடும். டோர்க் கீழேயே இருக்கிறது என்ற நம்பிக்கையில் கியரைக் குறைக்காமல் மிதிக்கிறவர்கள்தான் இதில் மாட்டுப்படுகிறார்கள். 2000க்குக் கீழே இருந்தால் மெதுவாக மிதியுங்கள், அல்லது ஒரு கியர் இறக்குங்கள். எஞ்சின் ஒயிலும் இதற்கென்று தயாரிக்கப்பட்டதாக, நேரத்துக்கு மாற்றப்பட்டதாக இருக்க வேண்டும். பெற்றோலும் அப்படித்தான். இரண்டு கார்களும் ஜப்பானில் உயர் ஒக்டேன் கேட்பவை, அதனால் இங்கே 95. சின்ன இடங்களில் எல்லா செட்டிலும் 95 இருக்காது, ஆகவே கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ தாங்கியை நிரப்பிக்கொண்டு உள்ளே போவது நல்லது.

உள்ளே என்றதும் அடுத்த ஒப்பீடு வருகிறது. ஏ-9இல் டர்போ முன்னுக்கு நிற்கிறது. ஒட்டுசுட்டான் பக்கமோ விசுவமடுப் பக்கமோ பிரதான வீதியை விட்டு கிரவல் ரோட்டில் இறங்கினால் எனக்கு 1.6தான் பிடிக்கும். இரண்டாவதில் லேசாக மிதித்தாலே டர்போவின் டோர்க் திடீரென்று வந்து முன்சில்லு சுழன்றுவிடும், மாரிக்குப் பிறகு ஈரச் செம்மண்ணில் இன்னும் மோசம். 1.6 மிதித்த அளவுக்குத்தான் தரும். வளைவுக்கு அப்பால் மாட்டுப்பட்டி படுத்திருந்தால், காலபோக அறுவடை நேரத்தில் வீதியோரம் நெல் பரவிக் கிடந்தால், கால் சொன்னதைக் கேட்கும் எஞ்சின் நிம்மதி. இரண்டும் தாழ்ந்த கார்கள் என்பதால் குழிகளில் இரண்டுக்கும் ஒரே பாடுதான்.

முறிகண்டியில் இந்த வித்தியாசம் அழகாகத் தெரியும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் சரை ஒன்றும் வாங்கிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து மறுபடி ஏ-9இல் ஏற வேண்டும். ஏசி ஓடுகிறது, உள்ளே நாலு பேர், வெளியே சித்திரை வெயில். 1.6 முதல் கியரில் கொஞ்சம் இழுத்து ஓட்டினால்தான் போகும். மூவாயிரத்துக்கு முன் இரண்டாவதுக்கு மாற்றினால் பின்னால் வரும் பஸ் ஹோர்ன் அடிக்கும். டர்போவில் எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

ஓட்டோ கியர் விரும்புகிறவர்களுக்கு: 33எஸ்ஸில் ஆறு கியர் ஓட்டோ, 32எஸ்ஸில் சிவிடி, அதாவது படிப்படியான கியர் இல்லாத ஓட்டோ. டர்போவோடு ஓட்டோ நன்றாகவே ஒத்துப்போகிறது. 1.6 சிவிடியை நான் சொல்ல மாட்டேன், அந்த எஞ்சினை வாங்குவதே கியர் மாற்றும் இன்பத்துக்காக. இதற்கும் முந்திய 31எஸ்ஸில் 125 குதிரைவலு, 148 நியூட்டன் மீற்றர் 4800இல், ஐந்து கியர். குணம் 1.6இன் குணமேதான், இன்னும் கொஞ்சம் மேலே ஏறிச் சுற்ற வேண்டும். மஸ்டா ரோட்ஸ்டர் 1.5 பற்றிக் கேட்பவர்களும் உண்டு. அதுவும் 4800இல் 150 நியூட்டன் மீற்றர் என்று இதே சாதி, ஆனால் இரண்டு இருக்கையோடு தினசரி வன்னியில் ஓடுவது எனக்குச் சரிப்படாது.

தினமும் கிளிநொச்சி, வவுனியா என்று ஏ-9இலேயே போய்வருபவர், குடும்பத்தோடு ஓடுபவர், டர்போவை எடுக்கலாம். அது ஓட்டுநரிடம் குறைவாகக் கேட்கிறது, வீதியில் இடைவெளி குறைவாக இருக்கும்போது அது பெரிய விசயம். கியர் மாற்றுவதில் விருப்பமும் பொறுமையும் உள்ளவர், உள்வீதி அதிகம் ஓடுபவர், 1.6ஐ எடுக்கலாம். இரண்டில் எதையாவது ஓட்டிப் பார்க்கப் போனால் டவுனுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வராதீர்கள். வெறுமையான நேர்வீதியில் 45இல் ஓடி, 1.6 என்றால் இரண்டாவதிலும் டர்போ என்றால் மூன்றாவதிலும் முழுதாக மிதித்து 70 வரை போங்கள். முள் ஏறி, சத்தம் கூடி, வேகம் கூடாவிட்டால் கிளச் வழுக்குகிறது. எஞ்சினுக்குள் சின்னதாகத் தட்டும் சத்தம் கேட்டால் பெற்றோலை 95க்கு மாற்றி மறுபடி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் கேட்டால் விலை பேச வேண்டாம்.