வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம்: சோதனை நன்று, நேரம் சரியில்லை

கடந்த மாதம் எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் ஒரு தனியார் மருத்துவமனை நடத்திய இலவச வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாமுக்குச் சென்றிருந்தேன். பல் மருத்துவர் டார்ச் வெளிச்சத்தில் கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் அடியையும் விரலால் தடவிப் பார்த்து, கழுத்தில் நெறிகட்டி இருக்கிறதா என்று அழுத்திச் சோதித்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஆயினும் அவசரம் தெரியவில்லை. இதை எளிய சோதனை என்று ஒதுக்கிவிட முடியாது. 1996-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் தொடங்கிய பெரிய ஆய்வில், இவ்வாறு கண்ணால் பார்த்துச் செய்த பரிசோதனையே, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணங்களை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது.

குறை நேரத்தில்தான் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி, உதடு மற்றும் வாய்ப் புற்றுநோய்க்கு ஆளானவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். மெல்லும் புகையிலையும் பாக்கும் அதற்கு முக்கியக் காரணங்கள். ஆனால், வேலை நாளில் காலை பத்து மணிக்கு வைத்ததால், வரிசையில் என்னைப் போன்ற ஓய்வூதியர்களே நின்றோம். எதிர்க் கட்டடத்தில் சாரம் கட்டிக்கொண்டிருந்தவர்களோ, பொட்டலத்தைப் பிரித்துக் கீழுதட்டில் அடக்கிக்கொண்டிருந்தார்கள். கொடுத்த துண்டறிக்கையிலும் (அச்சு அழகாகத்தான் இருந்தது) புகையிலை கலக்காத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்ற செய்தி இல்லை. அடுத்த முகாமை ஞாயிற்றுக்கிழமை வைத்தால், பக்கத்துத் தெருக் கொத்தனார்களையும் அழைத்துச் செல்வேன்.