பிள்ளைக்குத் தனிப் போனா, வீட்டுப் பொதுப் போனா?

திருகோணமலையிலும் ரியூசன் நோட்ஸ் வாட்ஸ்அப்பில் வருகிற காலம். ஏழாம் எட்டாம் வகுப்பிலேயே பிள்ளைகள் தனிப் போன் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

பொதுப் போனை எல்லோரும் இருக்கும் அறையில் வைத்துப் பார்த்தால் திரை மறைவாக இருக்காது. அது பெரிய பலம். ஆனால் அப்பா வேலைக்குப் போனால் போனும் கூடவே போய்விடும். இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை: பெரியவர்களின் குழுக்களில் வரும் விபத்துப் படங்கள், வதந்திகள் எல்லாம் பிள்ளையின் கண்ணிலும் படும். யூடியூபும் பெரியவர்கள் பார்த்ததை வைத்தே அடுத்த வீடியோவைக் காட்டும்.

தனிப் போனில் கூகுளின் ஃபேமிலி லிங்க் என்ற பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியைப் போட்டால் தினசரி நேரம், படுக்கும் நேரம், எந்தச் செயலி வேண்டும் என்பதைப் பெற்றோரே தீர்மானிக்கலாம். இன்ஸ்டகிராமுக்கு 13 வயதாக வேண்டும். 2024 செப்டெம்பரில் அறிமுகமான பதின்வயதினர் கணக்குகளில் இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் அடங்கிவிடும். சரி, பிறந்த ஆண்டைப் பொய்யாகப் போட்டால்? அங்கேதான் எல்லாம் கைவிட்டுப் போகும்.

என் தெரிவு: ஒன்பதாம் வகுப்பு வரை பொதுப் போன், அதில் பிள்ளைக்கு வேறு கணக்கு. அதற்குப் பிறகு தனிப் போன் கொடுக்கலாம், இரவில் சார்ஜ் போடுவது பெற்றோரின் அறையில். பின்னேரம் டச்சுக்குடாக் கடற்கரைக்குப் போகும்போது இரண்டுமே வீட்டில் கிடக்கட்டும், அப்பாவின் போனும் சேர்த்து.