பின் வீல் கோர்க்கக் கொடுத்து 1,850 ரூபாய் போச்சு: குமரி மாவட்டத்தில் பழைய சைக்கிள் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

இன்று காலையில் நடந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன். வீல் கோர்க்கக் கொடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

அப்பாவின் 28 இஞ்சு கறுப்பு சைக்கிள், கம்பி பிரேக். வீடு குளச்சல் பக்கம். உப்புக் காற்றில் பின் ரிம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, நாலு போக்ஸ் கம்பியும் அறுந்துவிட்டது. சக்கரத்தின் நடுவில் அச்சைச் சுற்றி இருக்கும் ஹப் மட்டும் கல்லு மாதிரி இருந்தது. நடுவில் எண்ணெய் விடும் ஓட்டையும் அதை மூடும் சின்ன வளையமும் உள்ள பழைய இரும்பு ஹப். அதை வைத்துக்கொண்டு ரிம்மும் 40 கம்பியும் மட்டும் புதுசு போட்டுக் கோர்க்க வேண்டும், இதுதான் பேச்சு.

நாகர்கோவிலில் ஒரு சைக்கிள் கடை. கடைக்காரர் வீலைக் கையில் வாங்கி, ஹப்பில் ஒட்டியிருந்த அழுக்கைத் தன் தோள் துண்டாலேயே துடைத்தார். "அப்பா வண்டியா அண்ணாச்சி? இந்த ஹப்பு இனி கிடைக்காது, விட்டுராதீங்க. பேடிக்காதீங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அந்தத் துண்டில்தான் விழுந்தேன். 1,850 ரூபாயை அங்கேயே எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்கவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் தொகையைக் குறித்துக்கொண்டார், அதுவும் அவர் கையிலேயே இருந்தது.

'நாளைக்கு வாங்க', 'ரிம் வரணும்' என்று பன்னிரண்டு நாள் இழுத்தார். வீல் வந்தபோது பளபளவென்றுதான் இருந்தது.

மாட்டி மூன்றாவது நாள், இன்று, திங்கள்நகர் பக்கம் போகும்போது செயின் பக்கத்தில் டக், டக் என்று இரண்டு கம்பி அறுந்தது. இறங்கிப் பார்த்தால் பிரேக் கட்டையெல்லாம் வெள்ளி நிறம்! கட்டை உரசிய இடத்தில் ரிம்மில் துருக்கோடு. நகத்தால் சுரண்டினேன், பெயிண்ட் செதிலாக வந்தது. யாருடைய பழைய வீலுக்கோ சில்வர் அடித்துத் தந்திருக்கிறார். எண்ணிப் பார்த்தேன், 17 கம்பி பழசு. ஹப்பில் எண்ணெய் ஓட்டையே இல்லை. பக்கத்துக் கடை மெக்கானிக் கம்பிகளை ஜோடி ஜோடியாக நெருக்கிப் பார்த்துவிட்டு, "இறுக்கம் ஒண்ணுபோல இல்ல சார். தளந்த கம்பியோட பாரத்தையும் சேத்து மத்தது இழுக்கும், அப்புறம் ஹப்புகிட்ட கம்பி வளையுத இடத்தில அறும்" என்றார்.

சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு பஸ் பிடித்து நாகர்கோவில் கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில், "புது வீலு அப்படித்தான், ஓடினா செட்டாகும்." அப்புறம், "கோத்த பையன் லீவு." ஹப் எங்கே என்றதும், "அது தேஞ்சு போச்சு, பழைய இரும்புக்குப் போட்டாச்சு." கடைசியாக, "பில் இருக்கா?"

சவம், 1,850 ரூபாய் போனால் போகட்டும், ஹப்பை நினைத்தால்தான் வெப்ராளமாக வருகிறது.

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது தோன்றுவது இவ்வளவுதான். கொடுக்கும் முன் ஹப்பை நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். கழற்றிய பழைய ரிம்மையும் கம்பியையும் திரும்பக் கேளுங்கள். முழுப் பணத்தை முதலிலேயே கொடுக்காதீர்கள், 1,850 இல்லை, 185 ரூபாய் என்றாலும். வாங்கும்போது டயரைக் கழற்றி ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள், அங்கே யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை. சைக்கிள் இன்னும் திங்கள்நகரில்தான் நிற்கிறது, போய் எடுக்க வேண்டும்.