ஒரே தரகரா, பல தரகர்களா?

வீட்டை விற்க முனைவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, அதை ஒரே தரகரிடம் ஒப்படைப்பதா, பலரிடம் சொல்லிவைப்பதா என்பதே. பலரிடம் சொன்னால் செய்தி அதிகம் பேரை எட்டும் என்பது உண்மைதான். ஆனால் விற்றுக்கொடுப்பவருக்கு மட்டுமே தரகுத்தொகை என்பதால், விளம்பரத்துக்கும் நல்ல புகைப்படங்களுக்கும் கைக்காசைச் செலவிட ஒவ்வொருவரும் தயங்குவர். ஒரே வீடு வெவ்வேறு விலைகளில் விளம்பரமாவதைக் காணும் வாங்குபவர், உரிமையாளர் அவசரத்தில் இருக்கிறார் என்று கணித்துக் குறைத்துக் கேட்பார். போதாக்குறைக்கு, ஒரே நபரை இருவர் அழைத்துவந்தால் தரகு யாருக்கு என்ற தகராறும் எழும்.

ஒருவரிடமே ஒப்படைத்தால், சுவர் விரிசலைப் பூசுவது, ஒழுகும் குழாயை மாற்றுவது, அறைகளை அடைத்து நிற்கும் சாமான்களை அகற்றுவது போன்ற முன்னேற்பாடுகளில் அவர் அக்கறையுடன் வழிகாட்ட வாய்ப்புண்டு. ஆயினும் அவர் சுணங்கினால் விற்பனையும் தேங்கிவிடும். ஒப்பந்தத்தைப் பெறுவதற்காகவே மிகையான விலையைச் சொல்பவரும் உண்டு. அண்மையில் கைமாறிய அக்கம்பக்கத்து வீடுகளின் விலையை ஆதாரமாகக் காட்டச் சொல்லுங்கள். உரிமையாளரே வாங்குபவரைக் கண்டுபிடித்தாலும் தரகு தரவேண்டுமா என்பதைக் கையெழுத்திடும் முன்பே பார்க்க வேண்டும். பலர் இதைத்தான் தவறவிடுகிறார்கள். ஒப்பந்தக் காலத்தைச் சில மாதங்களுக்குள் வரையறுத்து, விலகும் வழியை எழுத்தில் பெற முடியுமானால் என் தேர்வு ஒருவரே.