முதல் பரிசு முடிந்துபோன சுரண்டிப் பார்க்கும் லாட்டரி டிக்கெட்டை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள்

டெக்சாசில் இருக்கும் நம்மவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில், ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமனார் கடைக்குள் தொங்கிய, சுரண்டிப் பார்க்கும் லாட்டரி டிக்கெட் சுருள்களைப் பார்த்துவிட்டார். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரி தடை செய்யப்பட்ட பிறகு அவர் அதைத் தொட்டதே இல்லை. "ஒன்று வாங்கலாமா மாப்பிள்ளை?" என்று ஆசையாகக் கேட்டார்.

நான் 5 டாலர் டிக்கெட்டைக் கேட்டேன். கடைக்காரர் 20 டாலர் டிக்கெட்டை எடுத்து நீட்டினார். "இதில்தான் முதல் பரிசு இன்னும் யாருக்கும் விழவில்லை. காலையிலிருந்து இந்தச் சுருளில் ஒன்றுமே வரவில்லை, அடுத்தது வந்தே தீரும்" என்றார். நம்பி ஐந்து வாங்கினோம். நான்கில் ஒன்றுமில்லை. ஐந்தாவதில் போட்ட 20 டாலர் மட்டும் திரும்பியது.

வீட்டுக்கு வந்து டெக்சாஸ் மாநில லாட்டரியின் இணையதளத்தைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. ஒவ்வொரு டிக்கெட்டிலும் முதல் பரிசு எத்தனை அச்சடிக்கப்பட்டது, எத்தனை வாங்கப்பட்டுவிட்டது என்று அங்கே பட்டியலே இருக்கிறது. நாங்கள் வாங்கியதில் எல்லாமே போய்விட்டிருந்தன. முதல் பரிசு தீர்ந்த பிறகும் டிக்கெட் விற்பனையில் இருக்கலாம் என்று அதே தளம் சொல்கிறது. ஆகவே விற்றது சட்டப்படி குற்றமில்லை. முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இது புதிய சங்கதியும் அல்ல. வர்ஜீனியாவில் ஸ்காட் ஹூவர் என்ற பேராசிரியர் 2007இல் ஒரு 5 டாலர் டிக்கெட் வாங்கினார். அதன் 75,000 டாலர் முதல் பரிசு அதற்கு முன்பே போய்விட்டது தெரிந்ததும், 2008இல் அந்த மாநில லாட்டரி மீது வழக்கே தொடுத்தார்.

கடைக்குள் நுழையும் முன்பே கைபேசியில் அந்தப் பட்டியலைப் பாருங்கள். முதல் பரிசு மீதமில்லாத டிக்கெட்டை, கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் தொடாதீர்கள். எந்தச் சுருளில் பெரிய பரிசு இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது. டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் "இத்தனையில் ஒன்றுக்குப் பரிசு" என்ற கணக்கையும் நம்பி ஏமாறாதீர்கள். போட்ட காசு அப்படியே திரும்பி வருவதும் அந்தக் கணக்கில் பரிசுதான்! எங்கள் ஐந்தாவது டிக்கெட்டும் அப்படித்தான் "பரிசு" பெற்றது. சரிபார்க்கக் கடையில் கொடுப்பதற்கு முன் பின்பக்கம் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

மாமனார் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. 80 டாலரை ரூபாயில் பெருக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் கேட்டதால்தானே மாப்பிள்ளை" என்று அவர் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை.