கழற்றி மாட்டும் உடல் மாதிரி: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

உள்ளுறுப்புகளைக் கழற்றி மாட்டக்கூடிய, 45 செ.மீ. உயரப் பிளாஸ்டிக் மனித உடல் மாதிரி. ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகள் மூன்று ஆண்டுகளாகக் கையாண்டது. தாராளமாக வாங்கலாம். ஆனால் மேசைமேல் நிறுத்திவைத்துப் பாடம் எடுத்தால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது.

இடம் வலம்தான் சிக்கல். மாதிரி எதிரே நிற்கும்போது அதன் கல்லீரல் பிள்ளையின் இடக்கைப் பக்கம் தெரியும். "உன் கல்லீரல் எங்கே?" என்றால் கை நேராக இடது விலாவுக்குப் போகும். அதனால் மாதிரியின் முதுகைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு கல்லீரலைக் கழற்றி, அந்தப் பக்கமாகவே தன் வலது விலாவின் அடிப்பகுதியில் வைத்துப் பார்க்கட்டும். ஒருமுறை வைத்துப் பார்த்த பிள்ளை பிறகு தடுமாறுவது அபூர்வம்.

இதயம் இடது ஓரத்தில் இல்லை, இரண்டு நுரையீரலுக்கும் நடுவில், முனை இடப்பக்கம் சாய்ந்து இருக்கிறது என்பதைக் கழற்றும்போதே பார்த்துவிடுவார்கள். நுரையீரலின் மடல்களை விரலால் எண்ணச் சொல்லுங்கள்: வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் இரண்டு.

பெரிய குறை குடல். சிறுகுடலும் பெருங்குடலும் ஒரே கட்டியாக வார்த்திருப்பதால் நீளம் பிடிபடாது. சிறுகுடலுக்கு 6 மீட்டர் கயிறு, பெருங்குடலுக்கு அதைவிடத் தடித்த துணிக்குழாய் 1.5 மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் தரையில் நீட்டி, பிறகு ஒரு சின்னப் பெட்டிக்குள் மடித்து அடைக்கச் சொல்லுங்கள். 'சிறு', 'பெரு' என்பது அகலத்தை வைத்து வந்த பெயர், நீளத்தை வைத்து அல்ல என்பது அப்போது தானாக விளங்கும்.

நீலநிறக் குழாய்களைக் கண்டு நீல ரத்தம் ஓடுவதாக நம்பிவிடுவார்கள். ஆக்சிஜன் குறைந்த ரத்தமும் சிவப்புதான், கொஞ்சம் கருஞ்சிவப்பு என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

முதலில் உடைந்தது இரைப்பையின் பின்பக்க முளை. கல்லீரலை முன்னதாக மாட்டிவிட்டு இரைப்பையைத் திருகித் திணிப்பதால் வரும் சேதம் இது. இந்த மாதிரியில் இரைப்பை முதலில், அதன்மேல் கல்லீரல். உடைந்த முளையைப் பசையால் ஒட்டினால் சில வாரங்களில் மறுபடி விட்டுவிடுகிறது. வெல்க்ரோ துண்டு தாங்குகிறது. குட்டிக் காந்தம் மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டை விழுங்கினால் குடற்சுவரை நடுவில் வைத்துக் கவ்வி ஓட்டை போட்டுவிடும். துடைக்கச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும், ஸ்பிரிட் பட்டால் சாயம் போகிறது.