கலர் ப்ரொஃபைல் செய்து தருவதாகச் சொல்லிப் பணம் வாங்குவோரிடம் எச்சரிக்கை

வீட்டிலேயே புகைப்படம் அச்சிடுபவர்கள், தங்கள் அச்சுப்பொறிக்கும் தாளுக்கும் ஏற்ற ஐசிசி கலர் ப்ரொஃபைலை (படத்தின் வண்ணங்கள் தாளில் சரியாக விழ உதவும் கோப்பை) வெளியாரிடம் பணம் கொடுத்துச் செய்து வாங்க நினைத்தால், அதற்கு முன் எனக்கு நேர்ந்ததைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இணையத்தில் இந்தச் சேவையை நடத்தும் ஒருவருக்கு இரண்டு ப்ரொஃபைல்களுக்காக 3,000 ரூபாய் கொடுத்தேன். என் கைக்கு வந்தவை எனக்காகச் செய்யப்பட்டவையே அல்ல. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பெறக்கூடிய ஒரே ப்ரொஃபைலுக்கு இரண்டு பெயர் சூட்டி அனுப்பியிருந்தார்கள்.

என்னிடம் இருப்பது ஆறு மைகள் கொண்ட எப்சன் எல்805. பெற்றோரின் அறுபதாம் கல்யாணப் படங்களைப் பளபளப்புத் தாளில் ஒரு தொகுப்பும் மேட் தாளில் ஒரு தொகுப்புமாக அச்சிட்டுச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க விரும்பினேன். திரையை முறையாக அளவுதிருத்தம் செய்திருந்தும் அம்மாவின் அரக்குப் பட்டு தாளில் செங்கல் நிறமாகவே விழுந்தது. நான் வாங்கிய இரண்டு தாள்களுக்கும் அவற்றைத் தயாரித்தவர்கள் ப்ரொஃபைல் தருவதில்லை என்பதால்தான் வெளியே செய்துகொள்ள முடிவெடுத்தேன்.

ஒரே மை ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு விதமாக ஊறுகிறது. ஆகவே ப்ரொஃபைல் என்பது அச்சுப்பொறிக்கு மட்டும் உரியதன்று. அச்சுப்பொறி, மை, தாள், டிரைவரில் (அச்சுப்பொறியை இயக்கும் மென்பொருளில்) தேர்ந்தெடுக்கும் தாள் வகை ஆகிய நான்கும் சேர்ந்த ஒரு கூட்டுக்கு உரியது. வண்ணத் திருத்தம் அனைத்தையும் நிறுத்திவிட்டு நூற்றுக்கணக்கான வண்ணக் கட்டங்களை அச்சிட்டு, மை நன்றாக உலர்ந்தபின் ஒவ்வொரு கட்டத்தையும் வண்ணத்தை எண்ணாக அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரால் அளந்து, அந்த எண்களிலிருந்து வண்ணங்களை மாற்றித் தரும் அட்டவணைகளைக் கணக்கிடுவார்கள். அளப்பதற்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். நான் அடோபியின் கலர் பிரின்டர் யுட்டிலிட்டி வழியாக இரண்டு தாள்களிலும் அந்தக் கட்டங்கள் கொண்ட சார்ட்டை அச்சிட்டு, ஒரு நாள் முழுவதும் உலரவிட்டு, மடங்காதபடி அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கூரியரில் அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்த அன்று மாலையே இரண்டு கோப்புகளும் மின்னஞ்சலில் வந்துவிட்டன. அந்த வேகத்தை அப்போது நல்ல சேவை என்று எண்ணி மகிழ்ந்தேன்.

முதலில் தாத்தாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை அச்சிட்டேன். ப்ரொஃபைலின் தரத்தைச் சாம்பல் நிறத்தைப்போல வேறெதுவும் காட்டிக்கொடுப்பதில்லை. பல வண்ண மைகள் கலந்தே சாம்பல் உருவாவதால், கலவை சற்றுப் பிசகினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பளபளப்புத் தாளில் படம் முழுவதும் பச்சை பாய்ந்திருந்தது. மேட் தாளில் அச்சிட்ட கல்யாணப் படத்தில் அம்மாவின் கூந்தலும் அப்பாவின் கோட்டு மடிப்புகளும் ஒரே கரிய திட்டாக அடைத்துப் போயிருந்தன.

சேவையாளரிடம் தெரிவித்தபோது, அச்சிடும் மென்பொருளும் டிரைவரும் இரண்டு முறை வண்ணத்தைத் திருத்துகின்றன, தவறு உங்களுடையது என்றார். அது பலருக்கும் நேரும் தவறுதான் என்பதால் நான் கோபப்படாமல் ஒவ்வோர் அமைப்பையும் மீண்டும் சரிபார்த்தேன். டிரைவரில் வண்ணத் திருத்தம் நிறுத்தப்பட்டே இருந்தது. தாள் வகையும் சார்ட்டை அச்சிட்டபோது தேர்ந்தெடுத்ததுதான்.

அதன்பிறகே ஆர்கில் சிஎம்எஸ் என்ற இலவச மென்பொருளின் ஐசிசிடம்ப் கருவியால் அந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்தேன். கோப்பின் தலைப்பகுதியில் உருவாக்கிய தேதி பதிந்திருக்கும். நான் சார்ட்டை அனுப்பியதற்கு மூன்றாண்டுகள் முந்தைய தேதி அங்கே இருந்தது. இரண்டு கோப்புகளும் ஒரே அளவாக இருந்ததை நான் சான்றாகக் கொள்ளவில்லை, ஏனெனில் ஒரே மென்பொருளில் ஒரே அமைப்பில் செய்தால் அளவு அப்படித்தான் வரும். ஆனால் அச்சுப்பொறி ப்ரொஃபைலில் தாளின் வெண்மை அளந்து மூன்று எண்களாக எழுதப்படுகிறது. பளபளப்புத் தாளுக்கும் மேட் தாளுக்கும் அந்த மூன்று எண்கள் கடைசி தசமம் வரை ஒன்றாக இருக்க வாய்ப்பே இல்லை. இங்கே ஒன்றாகவே இருந்தன. விளக்கப் பகுதியில் என் பெயரை எழுதியவர்கள், காப்புரிமைப் பகுதியை மாற்ற மறந்துவிட்டிருந்தார்கள். வேறொரு தாள் நிறுவனத்தின் பெயர் அதில் அப்படியே இருந்தது. அந்நிறுவனம் இதே அச்சுப்பொறிக்காகத் தன் பளபளப்புத் தாளுக்கு இலவசமாகத் தரும் ப்ரொஃபைலை இறக்கி ஒப்பிட்டேன். வண்ண அட்டவணைகள் பைட்டுக்குப் பைட் பொருந்தின.

இவற்றையெல்லாம் எழுதி, என் சார்ட்டுகளின் அளவீட்டுத் தரவையும், முடிந்தால் அந்தத் தாள்களையும் திருப்பி அனுப்புமாறு கேட்டேன். டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திரும்பத் தரப்படாது என்ற ஒற்றை வரிப் பதில் வந்தது. பிறகு மின்னஞ்சலுக்கும் தொலைபேசிக்கும் பதிலே இல்லை. என்னை வருத்தியது பணத்தைவிட, தவறு உன்னுடையது என்று ஒரு வாரம் என்னை நம்பவைத்து, நல்ல தாளையும் மையையும் வீணடிக்க வைத்ததுதான். நேர்மையாக இந்த வேலையைச் செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மீதான நம்பிக்கையையும் இது கெடுக்கிறது.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே, எந்தக் கருவியால் எத்தனை கட்டங்களை அளப்பார்கள் என்றும், அளவீட்டுக் கோப்பையும் சேர்த்துத் தருவார்களா என்றும் எழுத்தில் கேளுங்கள். உண்மையாக அளப்பவரிடம் அந்தக் கோப்பு இருந்தே தீரும். கொடுப்பதால் அவருக்கு இழப்பும் இல்லை. ப்ரொஃபைல் வந்தவுடன் தேதி, தாளின் வெண்மை, காப்புரிமை வரி மூன்றையும் பாருங்கள். மேக் கணினியில் கலர்சிங்க் யுட்டிலிட்டியே இவற்றைக் காட்டும்.

ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தம் ஐ1 ப்ரோ வண்ண அளவீட்டுக் கருவியைப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கொடுத்து உதவினார். ஆர்கில் சிஎம்எஸ் மூலம் இரண்டு தாள்களுக்கும் நாங்களே ப்ரொஃபைல் செய்தோம். தாத்தாவின் படத்தில் பச்சை மறைந்தது, அம்மாவின் புடவை அரக்காக வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். இரண்டு கோப்புகளையும் ஒப்பீட்டையும் மின்னஞ்சல்களையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.